பழைய பெட்டியிலிருந்து புதிய பேழைக்கு

(ஜீவனஹள்ளியில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

புலவர் பெருமக்கள் ஏறிப் பேச வேண்டிய மேடை இது. மெட்ரிகுலேஷன் வரையே படித்து, இரயில்வேயில் பேரேடும் ரசீதுமாகக் காலங் கழிக்கும் எழுத்தர்களாகிய எங்களைப் போன்றோர் இங்கு நிற்பதற்குச் செயலாளர் அவர்களின் அன்பே காரணம். ‘சங்கத்தின் பழைய கணினியில் இருந்தவற்றைப் புதிய வன்தட்டிற்கு மாற்றினீர்களே, அதைப் பற்றிச் சிறிது பேசுங்கள்’ என்று அவர் பணித்தார். கம்பனையும் இளங்கோவையும் பேச வேண்டிய இடத்தில் கணினிப் பெட்டியைப் பற்றிப் பேசுவதா என்று முதலில் தயங்கினோம். வேலையில் இறங்கிய பிறகே, இதுவும் தமிழைக் காக்கும் பணியின் ஒரு பகுதிதான் என்று உணர்ந்தோம். ஆகவே துணிந்து பேச வந்தோம். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

நம் சங்க அறையின் மூலையில் ஒரு கணினி இருந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். கிழக்கு நிலையத்தைக் கடந்து வண்டி செல்லும்போதெல்லாம் அதன் மேசையும் சேர்ந்து அதிரும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நமக்கு உழைத்த பெட்டி அது. அதனுள்ளே 80 ஜிகாபைட் கொள்ளளவுள்ள ஒரு வன்தட்டு. கடையில் நாம் ‘ஹார்ட் டிஸ்க்’ என்று கேட்டு வாங்கும் பொருள்தான். அதற்குள் என்னென்ன இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். உறுப்பினர் பட்டியல், ஆண்டு மலர்களின் அச்சுப் பக்கங்கள், பொங்கல் விழாப் படங்கள், சிறுவர் நாடகங்கள், இன்று நம்மிடையே இல்லாத மூதாட்டி ஒருவர் பாடிய தாலாட்டு, தம் ஊரை விட்டு இங்கு வந்த கதையைப் பெரியவர் சிலர் தம் வாயாலேயே சொல்லிய ஒலிப்பதிவுகள் ஆகிய இவை யாவும் உள்ளங்கையில் அடங்கும் அந்த ஒரு தட்டில் இருந்தன. வேறெங்கும் அவற்றுக்கு நகல் இல்லை. சென்ற கார்த்திகைத் திங்களில் ஒரு மாலை அந்தப் பெட்டியிலிருந்து ‘டிக், டிக்’ என்று ஓர் ஓசை எழுந்தது. அதைக் கேட்டவுடன் எங்கள் நெஞ்சு ‘திக், திக்’ என்றது.

அந்த அச்சத்திற்குக் காரணம் உண்டு. 2013-ஆம் ஆண்டில் எங்கள் இல்லத்தில் இதே ஓசையைக் கேட்டவர்கள் நாங்கள். அப்போது வீட்டுக் கணினியில் இடம் போதவில்லை. பெரிய வன்தட்டு ஒன்று வாங்கினோம். பழையதில் இருந்த படங்களையெல்லாம் வெட்டிப் புதியதில் ஒட்டினோம். நகல் எடுத்து ஒட்டவில்லை, வெட்டி ஒட்டினோம், இதைக் கவனியுங்கள். பழைய தட்டைத் துடைத்துச் சில நூறு ரூபாய்க்கு விற்றும் விட்டோம். நான்கு திங்கள் கழித்துப் புதிய தட்டு அலமாரியிலிருந்து கீழே விழுந்தது. அதன் பின் அதிலிருந்து வந்தது அந்த ஓசை ஒன்றே. எங்கள் தந்தையார் 2010-இல் இரயில்வே பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாளில், மாலையும் கழுத்துமாக, தம் தோழர்களோடு சரக்குக் கொட்டகை வாயிலில் நின்ற படங்கள் அதில் இருந்தன. படங்கள் போயின. அடுத்த ஆண்டில் தந்தையாரும் போனார். குற்றம் யாருடையதும் அன்று, எங்கள் அவசரத்தினுடையதே. மேடையேறி இதைச் சொல்வதற்கு வெட்கமாக இருப்பினும், உங்களில் ஒரு குடும்பமேனும் இவ்விழப்பிலிருந்து தப்பும் என்றால் அந்த வெட்கம் பெரிதன்று.

எங்கள் தந்தையார் கணினி அறியாதவர். எனினும் அவர் செய்த வேலையை நாங்கள் நினைவில் வைத்திருந்தால் இந்த இழப்பு நேர்ந்திராது. இளையோர் பலர் அறியார். ஒரு காலத்தில் நம் பெங்களூருக்கு வரும் இருப்புப் பாதைகள் ஓர் அகலத்தன அல்ல. சென்னைப் பக்கம் செல்வது பிராட்கேஜ், அதாவது 1,676 மில்லி மீட்டர் அகலம். மைசூர்ப் பக்கம் செல்வது மீட்டர்கேஜ், 1,000 மில்லி மீட்டர். நாடெங்கும் பாதைகளை ஒரே அகலமாக்கும் திட்டம் 1992-இல் தொடங்கி, 1990-களில் இப்பக்கத்துப் பாதைகளும் மாறின. அதற்கு முன்னர், இரு அகலங்களும் சந்திக்கும் இடத்தில் ஒரு வண்டியின் சரக்கை இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டும். ‘டிரான்ஷிப்மென்ட்’ என்பது அதன் பெயர். அந்த வேலையில் ‘டாலி’ எழுதுபவர் ஒருவர் உண்டு. இறங்கும் மூட்டை எத்தனை, ஏறும் மூட்டை எத்தனை, மூட்டையின் மேலுள்ள மார்க்கா என்ன, கிழிசல் உண்டா, நனைந்திருக்கிறதா என்று இரு பக்கமும் பார்த்து எழுதுவார். இரு கணக்கும் ஒத்தாலன்றிப் பழைய வண்டியை விடமாட்டார்.

தந்தையார் அந்த டாலிப் புத்தகத்தோடு பல ஆண்டுகள் நின்றவர். அவர் மகனாகிய எங்களுக்கோ, வீட்டுப் படங்களை மாற்றுகையில் டாலி எழுதத் தோன்றவில்லை! சிறிய வன்தட்டிலிருந்து பெரிய வன்தட்டிற்கு மாற்றுதல் என்பதும் டிரான்ஷிப்மென்ட் வேலையே. எண்ணி இறக்குதல், எண்ணி ஏற்றுதல், ஒத்துப் பார்த்தல், அதன் பின்னரே பழைய வண்டியை விடுதல் என்னும் இந்த நான்கும் இதற்கும் பொருந்தும்.

தமிழர்க்கு இது புதிய பாடமும் அன்று. நம் முன்னோர் பனையோலையில் எழுதினர். ஓலையைச் செல்லரிக்கும், பூச்சி துளைக்கும், விளிம்பு ஒடியும். சில தலைமுறைகளுக்கு ஒரு முறை பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தாலன்றி நூல் நிலைக்காது. அங்ஙனம் எழுதியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் எழுதியதால்தான் சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடி, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். ஓலையிலிருந்து காகிதத்திற்கு மாற்றியதும் ஒரு பெரிய டிரான்ஷிப்மென்டே அன்றோ!

அவர் தம் வரலாற்றில் கரிவலம்வந்தநல்லூரைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தோர் மறக்க இயலாது. அங்கே கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடிச் சென்றபோது, பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயில் இட்டுவிட்டதாக அவருக்குச் சொன்னார்கள். பழைய ஏட்டைப் போற்றி விடைகொடுப்பது ஒரு முறையாக இருக்கலாம். முதலில் நகல் எடுத்துவிட்டுப் பின்பு விடைகொடுத்திருந்தால் அவர் கலங்கியிருக்க வேண்டியதில்லை. அங்கே நகலின்றி ஏடு எரிந்தது. நகலின்றித் தட்டைத் துடைத்த நாங்கள் செய்ததும் ஏறக்குறைய அதுவே.

இனி அந்தத் தட்டு என்பது யாது என்று சிறிது பார்ப்போம். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் முதன்முதலாக வன்தட்டு ஒன்றை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கிய அந்தப் பெட்டி ஏறத்தாழ ஒரு டன் எடை. அதில் அடங்கியது 50 இலட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று கைப்பேசியில் நாம் எடுக்கும் ஒரே ஒரு படம் அதை நிரப்பிவிடும்! இக்காலத்துத் தட்டோ கையடக்கமானது. காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. எழுதவும் படிக்கவும் உள்ள முனை அதைத் தொடாமல், மயிரிழையினும் பன்மடங்கு சிறிய இடைவெளியில் மிதந்து செல்கிறது. கீழே விழுந்தாலோ, வயது முதிர்ந்தாலோ அம்முனை தட்டைத் தீண்டிவிடும். ஆகவே ஓசை எழுந்த தட்டை மீண்டும் மீண்டும் முடுக்கிப் பார்ப்பது, எலும்பு முறிந்தவனை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

நாங்கள் முதலில் செய்தது, கணினியை நிறுத்தியதே. இரண்டாவதாகச் செய்தது, நம் சங்கத்து இளைஞர் ஒருவரைத் துணைக்கு அழைத்தது. எங்களுக்கு டாலி தெரியும், அவருக்கு எந்திரம் தெரியும். இருவருமாக எஸ்.பி. ரோட்டிற்குச் சென்று 1 டெராபைட் கொள்ளளவுள்ள தட்டுகள் இரண்டும், பழைய தட்டைப் புதிய மடிக்கணினியோடு இணைக்கும் ஒரு மாற்றுக் கம்பியும் வாங்கி வந்தோம். பழைய தட்டின் இணைப்பு, பட்டையான நாடா போன்ற பழைய வகை; இன்றைய கணினிகளில் அதற்கு இடமில்லை. ஆகவே அக்கம்பி இன்றியமையாதது.

வீட்டிற்கு வந்து இணைத்ததும் பொருளாளர் அவர்கள், ‘1,000 ஜிகாபைட் என்று எழுதிவிட்டு உள்ளே 931 தானே காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ?’ என்றார். அங்ஙனம் அன்று. தயாரிப்போர் ஆயிரத்தின் மடங்காக எண்ணுகிறார்கள். கணினி 1,024-இன் மடங்காக எண்ணுகிறது. அளவு ஒன்றே, படிதான் வேறு. ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் வேறுபட்டிருந்ததைக் கண்ட நம் பாட்டிமார்க்கு இது எளிதில் விளங்கும்.

பொருளை மாற்றுவதில் இரு வழிகள் உண்டு. ஒன்று, வீட்டுச் சாமான்களை மட்டும் புது வீட்டிற்கு எடுத்துச் செல்வது. அதாவது படங்கள், கடிதங்கள், பாடல்கள் ஆகிய கோப்புகளை மட்டும் நகல் எடுத்தல். மற்றொன்று, சுவரும் கூரையும் உட்பட வீட்டையே அச்சு அசலாகப் பெயர்த்துக் கட்டுவது. கணினி இயங்கும் முறைமை உட்பட முழுத் தட்டையும் படியெடுத்தல் அது. பழைய கணினியே மேலும் உழைக்க வேண்டுமாயின் இரண்டாம் வழி நன்று. ‘குளோன்சில்லா’ போன்ற இலவச மென்பொருள்கள் அதற்கு உண்டு. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். 80 ஜிகாபைட் தட்டை அப்படியே படியெடுத்தால், புதிய தட்டிலும் 80 ஜிகாபைட் அறைதான் தெரியும். மிச்சம் வேலியிடாத புறம்போக்காகக் கிடக்கும். அறையின் எல்லையைப் பின்னர் விரித்துக்கொள்ள வேண்டும். மிகப் பழைய கணினிகளில் இன்னொரு தடையும் உண்டு. அவை முகவரி எழுத 28 இலக்க இடங்களையே கொண்டவை. ஆதலால் 137 ஜிகாபைட்டிற்கு மேல் உள்ள இடம் அவற்றின் கண்ணுக்குப் புலப்படாது. பெரிய தட்டு வாங்குமுன் கணினியின் வயதைப் பார்ப்பது நலம்.

எங்கள் பெட்டிக்கு ஓய்வளிப்பதென்று முடிவு செய்திருந்தோம். ஆதலால் முதல் வழியே போதுமானது. ஆயினும் தட்டு நோயுற்றிருந்தமையின் நேரே கோப்புகளைத் தொடவில்லை. ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் கருவியைக் கொண்டு முழுத் தட்டையும் ஒரே படிமமாக முதலில் எடுத்தோம். இக்கருவியின் அறிவு வியக்கத்தக்கது. நல்ல பகுதிகளை முதற் சுற்றில் விரைந்து படித்துவிடும். படிக்க முடியாத இடத்தில் முட்டி நிற்காமல், அதை ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டு தாண்டிச் செல்லும். பின்னர் மீண்டும் வந்து, குறித்த இடங்களைப் பொறுமையாக முயலும். தேர்வெழுதும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் சொல்லும் அறிவுரையும் இதுவே அன்றோ? நலமான தட்டாயின் 80 ஜிகாபைட்டும் ஒரு மணி நேரத்திற்குள் வந்துவிடும். எங்களுக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. முதல் இரவு நாங்கள் உறங்கவில்லை. இரண்டாம் நாள் விடியற்காலையில், கிழக்கு நிலையத்தைக் கடந்த முதல் வண்டியின் ஓசையோடு, வேலை முடிந்தது என்ற செய்தி திரையில் வந்தது. சிற்சில துணுக்குகள் தவிர அனைத்தும் மீண்டன.

அதன் பின் டாலி. படிமத்திலிருந்து கோப்புகளைப் புதிய தட்டுகள் இரண்டிற்கும் நகல் எடுத்தோம். வெட்டி ஒட்டவில்லை! ஒவ்வோர் அடைவிலும் கோப்பு எத்தனை, மொத்த அளவு எவ்வளவு என்று இரு பக்கமும் எழுதி ஒத்துப் பார்த்தோம். மூட்டை எண்ணிக்கை சரியாக இருந்தும் உள்ளே சரக்கு நனைந்திருப்பது உண்டு. அதைக் கண்டறியவும் கணினியில் ஒரு முறை இருக்கிறது. ஒரு கோப்பு முழுவதையும் கணக்கிட்டு, 64 குறிகள் கொண்ட ஒரு முத்திரையை ‘ஷா-256’ என்னும் கணிப்பு தரும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினும் முத்திரை முற்றிலும் மாறிவிடும். இரு பக்கத்து முத்திரையும் ஒன்றாயின் சரக்கு பழுதின்றி வந்தது என்று உறுதி கொள்ளலாம். எங்கள் தந்தையார் இருந்திருந்தால் இந்த முத்திரையைக் கண்டு பெரிதும் மகிழ்ந்திருப்பார்.

பெரிய கோப்புகளை விரற்கடையளவுள்ள பென் டிரைவில் ஏற்ற முயன்று சிலர் இடர்ப்படுவதுண்டு. அதில் இடம் நிறைய இருக்கும். ஆயினும் இடமில்லை என்று மறுக்கும். ‘ஃபேட்-32’ என்னும் பழைய அமைப்பில் 4 ஜிகாபைட்டிற்கு மேற்பட்ட ஒரே கோப்பு அடங்காமையே காரணம். நம் சிறுவர் நாடகத்தின் ஒளிப்பதிவு அங்ஙனம் மறுக்கப்பட்டது. இது நோயன்று, அமைப்பின் எல்லை என்று அறிந்தால் அச்சம் தீரும்.

இவ்வளவும் முடிந்ததும் வெற்றி என்று எண்ணிப் பழைய ஆண்டு மலர் ஒன்றைத் திறந்தோம். என் செய்வது! தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் கொம்புகளும் கலந்த ஒரு குப்பை திரையில் நின்றது. சரக்கு பழுதின்றி வந்தது. ஆனால் அதைப் படிக்கும் கண் நம்மிடம் இல்லை. அக்காலத்தில் ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வோர் எழுத்துருவைக் கையாண்டது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை அமர்த்தி வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் தெரியாது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பலர் உழைத்த வரலாறு உண்டு. 1999-இல் சென்னையில் கூடிய ‘தமிழ்நெட் 99’ மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளையும், தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. அயல்நாட்டுத் தமிழர் பலர் டிஸ்கி என்னும் முறையைப் பயன்படுத்தினர். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு, 1991-இல் வந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்தது. 2010-இல் தமிழ்நாட்டரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், நம் இலக்கியங்களை ஊதியம் கருதாத அன்பர்களைக் கொண்டு தட்டச்சிட்டு, பழைய குறியீட்டிலிருந்து யூனிகோடிற்கும் மாற்றி வைத்திருக்கிறது. அயல்நாட்டில் வாழ்ந்தவர் அங்கிருந்தே தமிழுக்கு ஏடு மாற்றினார் என்பதைக் குடிபெயர்ந்து வந்த நாம் எண்ணிப் பெருமை கொள்ள வேண்டும்.

நாங்களும் ‘என்.எச்.எம். கன்வர்ட்டர்’ போன்ற மாற்றிகளைக் கொண்டு மலர்ப் பக்கங்களை யூனிகோடிற்கு மாற்றினோம். மாற்றியதோடு நில்லாமல் படித்தும் திருத்தினோம். துணைக்காலுக்குப் பதிலாக ரகரத்தைத் தட்டிய இடங்கள் பல இருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போல் தோன்றும். கணினியில் தேடும்போது அச்சொல் கிடைக்காது. இத்திருத்தத்தை ஐந்து இல்லத்தரசியர் பகல் நேரங்களில் அமர்ந்து செய்து முடித்தனர். அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டா என்று கட்டளையிட்டிருப்பதால் எங்கள் நன்றியை மட்டும் இங்கு தெரிவிக்கிறோம்.

படங்களில் வேறொரு குறை. படம் இருந்தது, பெயர் இல்லை. ‘புதிய அடைவு’, ‘புதிய அடைவு இரண்டு’, ‘பொங்கல் கடைசி’ என்று இருந்ததேயன்றி, ஆண்டும் இல்லை, ஆள் பெயரும் இல்லை. வேகனில் லேபிள் இல்லாவிடில் சரக்கு எவ்வூர்க்குரியது? ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலையில் மூத்தவர்களை அமர்த்திப் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினோம். எண்பதைக் கடந்த ஓர் அம்மையார், ‘இது இன்னார், வாணியம்பாடிக்காரர், அவர் மனைவி கையால் முறுக்கு சாப்பிடாத பிள்ளை இந்தத் தெருவில் இல்லை’ என்று கூறக் கூற, எங்கள் பிள்ளைகள் எழுதிக்கொண்டனர். கன்னட அண்டை வீட்டார் ஒருவர், எங்களுக்குத் தெரியாத இரு முகங்களை அடையாளம் காட்டினார். தட்டு கெட்டால் அதற்கொரு கருவி உண்டு. நினைவு மறைந்தால் அதற்கு ஏது கருவி? பெயர் எழுதும் வேலையைத் தள்ளிப் போடாதீர்கள் என்று கைகூப்பி வேண்டுகிறோம்.

அத்தகைய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ‘மலர் 2010 வாழ்த்து’ என்றோர் அடைவைத் திறந்தோம். அவ்வாண்டில் ஓய்வு பெற்ற உறுப்பினர்களை வாழ்த்தும் பக்கத்திற்காக வந்த படங்கள் அவை. மூன்றாவது படத்தில், மாலையும் கழுத்துமாக, சரக்குக் கொட்டகை வாயிலில், எங்கள் தந்தையார் நின்றார்.

அப்படத்தை மலருக்கென்று அனுப்பியவர்கள் நாங்களே. அனுப்பியதை மறந்தும் விட்டோம். இழந்த படங்கள் பல. மீண்டது ஒன்று. அந்த ஒன்றும் மீண்டது எதனால்? பத்திரமாக வைத்ததனால் அன்று. மற்றோரிடத்தில் ஒரு நகல் இருந்ததனால். எங்கள் அன்னையார் திரையருகே சென்று, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நெடுநேரம் நின்றார். ‘சட்டைப் பையில் பேனா இருக்கிறது பார்’ என்று மட்டும் சொன்னார். டாலி எழுதும் பேனா அது.

ஆகவேதான் நகல் ஒன்று போதாது என்கிறோம். 1981-ஆம் ஆண்டு மே இறுதி நாளின் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் அரிய ஏடுகளும் இருந்தன. வேறிடத்தில் படி இருந்த நூல் மீண்டும் கிடைக்கும். இல்லாதது என்றென்றும் இல்லை. பின்னர் 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களைப் பல்லாயிரக் கணக்கில் படியெடுத்துக் காத்து வருகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள், 1994-இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில் நுண்படமாகவும் எண்வடிவாகவும் படியெடுக்கப்பட்டுள்ளன. பெரியோர் பெரிய அளவில் செய்வதை நாம் நம் அளவில் செய்வோம்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பீட்டர் குரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பியது. மூன்று, இரண்டு, ஒன்று என்பது அதன் பெயர். எதற்கும் மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இரு வேறு வகைப் பொருள்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். நம் சங்கத்திற்கு இப்போது ஒரு தட்டு சங்க அறையிலும், ஒன்று ஆம்பூரில் உள்ள நம் உறுப்பினர் ஒருவரின் தமையனார் இல்லத்திலும் இருக்கின்றன. மூன்றாவது படியை இணையக் கிடங்கொன்றில் ஏற்றியிருக்கிறோம். சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. வகை விரைவானது, ஆனால் மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைப்பதற்கு அதை மட்டும் நம்புதல் கூடாது.

பழைய தட்டை என்ன செய்வது? உடனே எறிந்துவிடக் கூடாது. ஓராண்டேனும் வைத்திருந்து, புதியவை நன்றாக உள்ளன என்று கண்ட பின்னரே விடைகொடுக்க வேண்டும். விடைகொடுக்கையிலும் ஒரு கவனம் வேண்டும். கணினியில் அழித்தல் என்பது வேகனின் லேபிளைக் கிழிப்பது போன்றது. உள்ளே சரக்கு இருந்தபடியே இருக்கும். நம் உறுப்பினர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அதில் உள்ளன. ஆகவே முழுத் தட்டின் மேலும் மறுஎழுத்து எழுதித் துடைத்து, அது இயலாதாயின் தட்டையே துளையிட்டு, மின்கழிவு பெறும் முறையான நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பழைய இரும்புக்காரரிடம் போடுதல் தகாது.

இறுதியாக இப்பேரவையின் முன் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் இம்மேடையில் பொருளாளர் அவர்கள் வரவு செலவுக் கணக்கு வாசிக்கிறார். நாம் கைதட்டி ஏற்கிறோம். இனி அதனோடு தட்டுகளின் கணக்கும் வாசிக்கப்படல் வேண்டும். எத்தனை படிகள், எங்கெங்கே, எந்நாளில் திறந்து பார்க்கப்பட்டன, முத்திரை ஒத்ததா என்ற நான்கு வரிகள் போதும். தட்டுகளுக்கு அகவை ஐந்து நிறையும்போது புதியவை வாங்கச் சிறு தொகை ஒதுக்கப்படல் வேண்டும். புதிய தட்டும் ஒரு நாள் பழைய தட்டாகும். அன்று டாலி எழுத, இன்று பெயர் எழுதிய இப்பிள்ளைகளுள் ஒருவர் வருவார்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்றிரவு வீட்டிற்குச் சென்றதும், உங்கள் தாய் தந்தையரின் படம் எத்தனை இடங்களில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று என்று விடை வந்தால், நாளையே நகல் எடுங்கள். முறை தெரியாதோர் ஞாயிறு மாலைகளில் சங்க அறைக்கு வாருங்கள். எழுத்தர்களாகிய நாங்களும், எந்திரம் அறிந்த நம் இளைஞரும் அங்கிருப்போம். எண்ணி இறக்கி, எண்ணி ஏற்றித் தருவோம்.